மணல் எடுத்தவர்களும் படம் எடுத்தவர்களும்

அந்தப் படத்தில் இருப்பது என் அம்மாவின் முதுகு.

சென்னையில் ஒரு கண்காட்சி. நதிகளைப் பற்றி இன்றைய ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் செய்தவை. என்னோடு எம்.ஏ. தமிழ் படித்த நண்பர் கூட்டிக்கொண்டு போனார். ஏசி அறை, வெள்ளைச் சுவர், ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு விளக்கு. காவிரி, தாமிரபரணி எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தோம். 'பாலாறு - 7' என்று பெயர் போட்டிருந்த புகைப்படத்துக்கு முன்னால் என் கால் நின்றுவிட்டது.

படத்தில் முக்கால்வாசி மணல்தான். காற்று வரிவரியாகக் கோடு கிழித்துவிட்டுப் போன மணல். சாயங்கால வெயிலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். இடது மூலையில் தூரத்தில் கரை. கரைமேல் ஒற்றைப் பனை. வலது பக்கம் கீழே ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பச்சைக் குடம்.

குடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பச்சை பிளாஸ்டிக் குடத்தின் அடிப்பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு ஒட்டு. பழைய நீலக் குடத்தை அறுத்து, கத்தியை அடுப்பில் காய்ச்சி, உருக்கி ஒட்டியது. ஒட்டியவன் நான். நான் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்த காலம். அப்புறம் அந்த முதுகு. காலையில் ஆற்றுக்கும், ஏர் ஓட்டம் இருந்தால் கழனிக்கும், அம்மாவின் பின்னாலேயே நடந்து போன பிள்ளைக்கு அந்த முதுகு தெரியாமல் போகுமா?

எங்கள் ஊர் செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து வாயலூருக்கு அருகே கடலில் கலக்கிற ஆறு. ஓடி என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். எங்கள் ஆறு பெரும்பாலும் மணலுக்கு அடியில் ஓடும். வறட்சி வருஷங்களில், 2002, 2003 வாக்கில், காலனியில் இருந்த கைப்பம்பு வெறுங்காற்றை இறைத்தது. ஊரில் போர் இருந்தது. போய்க் கேட்க முடியாது, கேட்டாலும் 'கரண்ட் இல்ல' என்பார்கள். அதனால் ஆற்றில் ஊற்று தோண்டுவோம். முழங்கை ஆழம் பறித்தால் ஈரம், இன்னும் ஒரு முழம் பறித்தால் கலங்கல். கலங்கலை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தெளிந்ததும் கொட்டாங்குச்சியில் மொண்டு, துணியைப் போட்டு வடிகட்டிக் குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் இடிந்து மறுபடியும் கலங்கிவிடும். ஒரு குடத்துக்கு அரை மணி நேரம்.

அங்கேயும் மேலண்டை ஊர்க்காரர்களுக்கு, கீழண்டை எங்களுக்கு. வரப்பு கிடையாது, வேலி கிடையாது. மணலுக்கு அடியில் இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது, யார் தொட்ட தண்ணீர் யாருக்கு வருகிறது என்று கண்டவர் உண்டா? ஆனாலும் எல்லை எல்லோருக்கும் தெரியும். பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். 

படம் அழகாக இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தபோதும் அது அழகாகத்தான் இருந்தது. கீழே விலை போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் யாரும் ஒரு மாசத்தில் பார்க்காத பணம். எடுத்தவர் பெயர் இருந்தது. ஆற்றின் பெயர் இருந்தது. எந்த ஊர், எந்த வருஷம், குனிந்திருப்பது யார், எதற்குக் குனிந்திருக்கிறாள் என்று எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மணி தன் கூட வந்தவரிடம் 'எவ்வளவு அமைதி' என்று சொன்னது காதில் விழுந்தது. என் நண்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

தமிழில் இந்த 'எடு' என்கிற சொல் கொஞ்சம் ஆராயத்தக்கது. மணல் எடுக்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். ஊற்றும் எடுக்கிறது. பிணம் எடுப்பது, சாணி எடுப்பது, மலம் எடுப்பது என்று ஊர் எங்களுக்கு ஒதுக்கிய வேலை எல்லாமே எடுப்பதுதான். அதிலெல்லாம் எடுத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, நாற்றத்தைத் தவிர. மணல் எடுப்பதிலும் படம் எடுப்பதிலும் மட்டும் எடுத்தவனுக்கு மிஞ்சுகிறது. அப்படியானால் எடுத்ததற்கு ஈடு என்ன? இந்தக் கேள்வியோடுதான் சில மாதம் அலைந்தேன்.

மணலுக்கும் தண்ணீருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டாகிவிட்டது. இதே பாலாற்றின் மேல் பகுதியில், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக் கொடுக்கிற தீர்ப்பு. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக, அதே ஈடுக்காக, அதே நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது என்பது வேறு கதை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கும். அதையும் படம் எடுக்கிறார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி பாலாகவே தெரியும். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்தவர்களின் கால் அந்தப் படங்களில் இருக்காது.

கண்காட்சிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். நதியைப் பார்த்து எழுந்த கலை என்று பேசினால், எங்கள் பக்கத்திலேயே மிகப் பெரிய நதிப்படம் அங்கேதான் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, பல்லவர் காலம். ஒரே பாறை முகத்தில் ஏறத்தாழ 90 அடி நீளத்துக்குத் தேவர், முனிவர், யானை, மான், குரங்கு, தவம் செய்கிற பூனை. அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்கிறோம். இல்லை, அது கங்கை பூமிக்கு இறங்குகிற காட்சி என்று 1914இல் கொலுபெவ் என்ற அறிஞர் வாதாடினார். நடுவிலே பாறை பிளந்திருக்கிறது. பிளவில் நாகர்கள் உடம்பை வளைத்து மேலே ஏறுகிறார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி கட்டி, அந்தப் பிளவு வழியாக நீரை விழ விட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது அது கல்லில் செதுக்கிய ஆறாக இருக்காது, நிஜமாகவே ஓடுகிற ஆறாகத் தெரிந்திருக்கும். செதுக்கிய கைகளுக்கு வணக்கம். அதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் அந்த ஆற்றங்கரையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கீழே நின்று நிதானமாகப் பார்த்தேன். குளித்துவிட்டுத் துணி பிழிகிறவர் இருக்கிறார். ஒரு குடத்தைச் சுமந்து வருகிறவர் இருக்கிறார். குடம்! கையை மேலே தூக்கிச் சூரியனைப் பார்க்கிறவர் இருக்கிறார். ஒரு பக்கத்தில் வேடர்களும் உண்டு. ஊற்று தோண்டுகிறவர் யாரும் இல்லை. தோண்ட வேண்டிய அவசியம் இல்லை, அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வருகிறது. எதற்கு வருகிறது? கதைப்படி, செத்துச் சாம்பலாகிப் போன சகரனின் அறுபதாயிரம் பிள்ளைகளைக் கழுவிக் கரையேற்ற. உயிரோடு இருக்கிறவன் குடிக்க அல்ல. நம் நாட்டில் நதி முதலில் தீட்டுக் கழிக்கிற பொருளாகத்தான் கலைக்குள் வந்திருக்கிறது. தீட்டைக் கழிக்கிற தண்ணீர் என்று ஒன்று இருந்தால், தீட்டு என்று ஒரு ஆளும் இருந்தாக வேண்டும். அந்த ஆள் கரையில் நிற்கக் கூடாது. பாறையில் அவன் இல்லாமல் இருப்பது செதுக்கியவர் மறதி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதற்கு எதிராக வேறொரு ஆறு உண்டு. அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் சொல்கிற ரோகிணி. சித்தார்த்தன் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்துவிட்டு வீட்டை விட்டுப் போனான் என்கிற பழைய கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. சாக்கியர்களுக்கும் கோலியர்களுக்கும் இடையே ரோகிணி ஆற்றுத் தண்ணீரில் சண்டை, வயலுக்கு யார் முதலில் பாய்ச்சுவது என்று. போர் வேண்டாம் என்று சித்தார்த்தன் சங்கத்தில் எதிர்த்து நின்றதால் நாட்டை விட்டு வெளியேற வேண்டிவந்தது என்று எழுதினார். அந்த ஆறு யார் பாவத்தையும் கழுவவில்லை. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்கிறது. கங்கை இறங்குவதை வரைந்தவர்கள் எத்தனையோ பேர். ரோகிணிக் கரைச் சண்டையை வரைந்த ஓவியத்தை ஒரு கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. 

நம் வீடுகளில் மாட்டியிருக்கிற நீர்ப்படம் ஒன்றே ஒன்றுதான். 1927 மார்ச் 20, மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் குனிந்து கையால் தண்ணீர் அள்ளுகிற படம். காலண்டர் ஓவியர்கள் போட்டது. அதில் குளத்தின் அழகு ஒன்றும் பிரமாதமில்லை. நீல நிறத்தில் நாலு கோடு. ஆனால் குனிந்த மனிதருக்கு முகம் இருக்கிறது.

கலை படித்த நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் காண்ட் என்பார்கள். 1790இல் வெளிவந்த தன் நூலில் அந்த ஜெர்மானியத் தத்துவவாதி சொன்னது, சுருக்கமாக இதுதான்: ஒரு பொருளை நமக்கு அது தேவை என்கிற எண்ணம் கலக்காமல் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சிதான் அழகுணர்வு. தாகம் எடுத்தவன் தண்ணீரைப் பார்ப்பது அழகுணர்ச்சியில் சேராது. இதன்படி பார்த்தால், ஆற்றின் அழகைச் சொல்லத் தகுதியானவன் ஆறு தேவைப்படாதவன் மட்டுமே. வீட்டில் குழாய் இருக்கிறவன். காரை நிறுத்திவிட்டுக் கரையில் இறங்குகிறவன். அழகியல் என்று கல்லூரியில் படித்ததெல்லாம் இப்படி ஒரு குழாயை மறைத்து வைத்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் தொல்காப்பியம் அப்படி இல்லை என்று தமிழ் படித்த கர்வத்தில் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திணை என்றால் வெறும் நிலம் இல்லை. முதல், கரு, உரி மூன்றும் வேண்டும். கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு தொழிலும் வருகிறது, பறையும் வருகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. அதாவது உழைக்கிறவனும் அடிக்கிறவனும் இல்லாமல் நிலக்காட்சி முழுமை ஆகாது. இலக்கணம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பரிபாடலின் வையைப் பாட்டுகளைப் படித்தால் புதுவெள்ளமும் நீராட்டும் மணமும் மாலையும்தான். இலக்கணத்தில் இருந்த பறை எந்தத் தெருவுக்குப் போனது என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதியபோது இந்த மாதிரிக் கேள்விகள் ஒரு தலைமுறைக்கே வந்தன. நாங்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

இன்னும் ஒன்று. இந்தக் கடற்கரையை வெள்ளைக்காரர்களும் வரைந்தார்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று ஒரே குடும்பத்து இருவர் 1792 வாக்கில் தென்னாட்டில் சுற்றி, மாமல்லபுரத்தை வரைந்து லண்டனில் அச்சிட்டார்கள். பாறை, பனை, கடல், அளவுக்காக ஓரத்தில் நாலு கறுப்பு மனிதர்கள். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் இதே மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அந்த ஓரத்து மனிதர்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்பது அதில்தான் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அதே 1892இல்தான் சென்னை மாகாணமும் மைசூரும் பாலாறு உள்ளிட்ட ஆறுகளைப் பற்றி ஒப்பந்தம் போட்டன. ஆற்றுக்கு ஒரு காகிதம், நிலத்துக்கு ஒரு காகிதம். இரண்டில் எது எங்கள் கைக்கு வந்தது? காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலக்காட்சி ஓவியம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு நிலம் என்கிற முதல் பாதியிலேயே நினைவு நின்றுவிடுகிறது.

கலைஞர்களுக்கு நிலத்தின் அருமை தெரியாது என்று சொல்லவில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து ஓவியர்கள் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினார்கள். துணியில் பாத்திக் போட்டு விற்று, கைவினைப் பொருள் செய்து, அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள். வரைகிறவனுக்குக் காலூன்ற இடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து பாருங்கள். பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் குடில் போட்டுத் தங்குவார்கள். விடியற்காலையில் மணலில் படி கட்டிக் கன்னியம்மாளைக் கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். வருஷம் முழுக்கச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடந்து, கொத்தடிமையாகக் கிடந்து மீண்டவர்களும் உண்டு, அன்றைக்கு ஒருநாள் கடலைப் பார்க்க வருகிறார்கள். சில வருஷமாக அவர்களுக்குச் சரிசமமாகக் கேமராக்காரர்களும் வருகிறார்கள். சாமியாடுகிற கிழவியின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸ். நான் பார்த்த வருஷம் ஒரு பெரியவர் ஒரு பையனிடம் கேட்டார்: "ஏம்பா, இத்த இன்னா பண்ணுவ?" பையனுக்குப் பதில் தெரியவில்லை. "போடுவேன் தாத்தா" என்றான். "எங்க போடுவ?" பாம்பு படம் எடுத்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியும். இந்தப் படத்துக்கு எப்படி நகர்வது என்று தெரியாமல் நின்றார்.

இந்தக் கேள்வி புதுசில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாக ஆனவர்களை உட்கார வைத்து, நிற்க வைத்துப் படம் எடுத்தார் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எடுத்து முடித்ததும் அவர்களுக்கு ஒரு வேளைச் சோறாவது போட்டாரா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்தது. அவர் படம் இல்லாவிட்டால் அந்தப் பஞ்சம் எப்படி இருந்தது என்று நமக்கு இன்று கண்ணால் தெரியாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது சுலபமாக இல்லை.

இவ்வளவையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு, ஒரு கண்டனக் கட்டுரைக்கு முக்கால்வாசி எழுதியும் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போனேன். கண்காட்சியில் செல்போனில் பிடித்து வைத்திருந்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நம்ம ஆறு மாதிரி இக்குதே."

"நம்ம ஆறுதாம்மா."

"அது யாரு குந்தினு இக்குறது?"

"நீதாம்மா. கொடத்தப் பாரு."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிசாக்கியது. தன்னைப் பெரிசாக்கிப் பார்க்கவில்லை. மணலைப் பெரிசாக்கியது.

"மண்ணப் பாருடா. எம்மாம் மண்ணு. அழகா இல்ல? நான் சொன்னா நீ நம்ப மாட்ட, பொழுது சாயறப்போ கொடத்த எறக்கி வெச்சிட்டு சித்த நேரம் நின்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

2003இல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. அதற்கு முன்னாலும் லாரி ஓடியது, பின்னாலும் ஓடியது. எங்கள் பக்கத்தில் ஆள் உயரத்துக்குமேல் மணல் போய், அடியில் களிமண் தெரிந்தது. ஊற்று தோண்டுவதற்கு இப்போது இடமே இல்லை. 2021 நவம்பரில் கரை புரள வெள்ளம் வந்தபோது ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, மணல் திரும்பி வரவில்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், மனு எழுதி எழுதிக் கை தேய்ந்திருக்கிறோம். ஆனால் மணல் இருந்த காலத்தில் ஆறு எப்படி இருந்தது என்பதற்கு எங்கள் மனுக்களோடு இணைக்க ஒரு படம்கூட எங்களிடம் இருந்ததில்லை. எங்களிடம் கேமரா ஏது?

அம்மாவின் விரல் இடது மூலைக்கு நகர்ந்தது. கரை, ஒற்றைப் பனை.

"இந்தப் பனைக்குக் கீழதான்டா உங்க ஆயாவப் பொதச்சது."

காலனிச் சுடுகாட்டை ஒட்டி லாரிக்குப் பாதை போட்டபோது அந்தப் பனை விழுந்தது. கரை இடிந்தது. ஆயாவின் இடம் எது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படம் எடுத்தவருக்குப் பனை ஒரு மூலையை அடைக்கத் தேவைப்பட்டிருக்கும். அங்கே எங்கள் ஆயா இருப்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. கண்காட்சியில் 'எவ்வளவு அமைதி' என்று சொன்ன அம்மணிக்கும் தெரியாது. அந்தப் படத்தில் இருக்கிற சங்கதியை முழுசாகப் படிக்கத் தெரிந்த ஆட்கள் இந்த உலகத்தில் ஒரு நாற்பது ஐம்பது பேர்தான். எல்லோரும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். படம் மட்டும் இருபது வருஷம் வேறு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

எடுத்ததற்கு ஈடு என்ன என்று கேட்டேனே, எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். படம் திரும்பி வர வேண்டும். எடுத்த இடத்துக்கு, எடுக்கப்பட்டவர்களிடம். காசு கொடுப்பதா, அனுமதிக் கையெழுத்து வாங்குவதா என்பதெல்லாம் அதற்கு அடுத்த பேச்சு. கையெழுத்து வாங்கிக்கொண்டு நிலத்தையே எடுத்தவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள்.

காண்ட் சொன்னதையும் அம்மா ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டது. இடுப்பில் குடம், வீட்டில் தண்ணீருக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், அதோடேயே நின்று பார்த்திருக்கிறது. தேவை இருக்கிறவர்களுக்கும் அழகு தெரியும். இது எனக்கு ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை? இயக்கத்தில் ஒரு முறை ஓவியம் படிக்கிற நம் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "அண்ணா, நான் சும்மா ஆத்த மட்டும் வரையலாமா, ஆளுங்க இல்லாம?" மூத்த தோழர் ஒருவர் "அதெல்லாம் அவங்க வரைவாங்க, நீ நம்ம பிரச்சினைய வரை" என்றார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நாங்கள் அச்சடித்த துண்டறிக்கைகளில் ஆற்றைக் காப்போம், மணல் கொள்ளையைத் தடுப்போம் என்று இருக்கும். ஆறு அழகு என்று ஒன்றில்கூட இருக்காது. மேலண்டையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி அழகையும் விட்டுக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள், வரைகிறாளா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனி குமார், 'கக்கூஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், துப்புரவுத் தொழிலாளர்களையும் கடலோரத்து உழைப்பாளிப் பெண்களையும் எடுக்கிறார். எடுப்பதோடு நிற்காமல் உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித் தருகிறார். வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா காலத்தில் ஊர் திரும்பித் தன் வீட்டையே, தன் சனங்களையே படம் எடுத்தார். 'நான் மீன் போல உணர்கிறேன்' என்று அதற்குப் பெயர். அவர் படங்களில் முதுகு உண்டு, முகமும் உண்டு, யார் என்பதும் உண்டு. எங்கள் பாலாற்றுக்கு அப்படி ஒரு ஆள் காலனியிலிருந்து வரவேண்டும்.

'பாலாறு - 7' எடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன், அதில் திட்டு ஜாஸ்தி. இரண்டாவது கடிதத்தில் பனையைப் பற்றியும் ஆயாவைப் பற்றியும் எழுதி, எங்களுக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். பதிலும் வந்தது, பெரிய அளவில் ஒரு பிரதியும் வந்தது. தேதியைத் தன்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார். நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறது. நல்ல மனுஷன் என்பதால் மேலே எழுதிய எதையும் நான் மாற்றவில்லை.

படத்தைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்ததும் தெருவே வந்து பார்த்தது. ஆளாளுக்கு ஒரு இடத்தைக் காட்டினார்கள். இங்கேதான் கிர்ணி போட்டோம், இங்கேதான் மாடு இறங்கும். ஒருத்தர் தன் கிணற்று மேட்டைத் தேடினார். அம்மா மட்டும் ஒரு குறை சொன்னது: "மொகத்த எடுத்திருக்கலாம். கூப்ட்டிருந்தா திரும்பியிருப்பேன்." பிறகு என்னிடம் பேனா எடுத்து வரச் சொன்னது.

"கீழ எழுது. எம் பேர எழுது. ஊர எழுதாத, காலனின்னு எழுது. பனைக்குக் கீழ அம்புக்குறி போட்டு உங்க ஆயா பேர எழுது."

எழுதினேன். வருஷம் என்ன போடுவது என்பதில்தான் தகராறு. நான் 2003 என்றேன். இல்லை, லாரி வந்ததற்கு முந்தின கோடை, உன் தங்கச்சி கைப்பிள்ளை என்றது அம்மா. அடுத்த வீட்டு அத்தை வேறொரு கணக்கு சொன்னார். அந்த இடத்தை மட்டும் இன்னும் காலியாக விட்டிருக்கிறோம்.